கொலறாடோக் குடைவிற் காட்டுப் பூக்கள்

நிலத்தை மலராற் பெயரிட்டு அழைத்தவர் நம் முன்னோர். மலை குறிஞ்சியாயிற்று; காடு முல்லையாயிற்று; வயல் மருதமாயிற்று; கடற்கரை நெய்தலாயிற்று. நீரும் நிழலும் அற்ற சுரத்துக்குங்கூட ஒரு மரத்தின் பெயரையே சூட்டிப் பாலை என்றனர். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலாற் காய்ந்து திரிந்த நிலையே அது என்று சிலப்பதிகாரம் கூறுவதை வகுப்பிற் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேனிலும் நண்பகலும் அதற்குரிய பொழுதுகள். பிரிவு அதற்குரிய ஒழுக்கம். அத்தகைய நிலத்தில், முதுகிற் பொதி சுமந்து, பூக்களைத் தேடி ஒருவன் போவானா என்று கேட்போர் உளர். போகிறார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரவர் போகின்றனர். அவர்கள் போகும் இடங்களுள் தலையாயது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அரிசோனா மாநிலத்தின் வடபாலில், கொலறாடோ நதி அறுத்துவைத்த கிறாண்ட் கன்யன் என்னும் பேராற்றுக் குடைவாகும். அங்கே எந்தப் பூவை எந்தக் காலத்தில் எந்த உயரத்திற் காணலாம், கண்டதை ஏன் எழுதிவைக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

முதலில் இடத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். நதி வழியே அளந்தால் இக்குடைவு 277 மைல் நீளம் உடையது. ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். அகலம் சிலவிடங்களில் 18 மைல் வரையிற் செல்லும். தென் விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலும், வட விளிம்பு 8,000 அடிக்கு மேலும், நடுவே நதி ஓடும் தளம் 2,400 அடி அளவிலும் உள்ளன. ஆகவே விளிம்பில் நிற்பவன் நுவரெலியாவைவிட உயரமான ஓரிடத்தில் நிற்கிறான். நதிக்கரையை அடைந்தவன் பதுளையைச் சற்றே கடந்து வந்தவன் போலாகிறான். விளிம்பில் ஊசியிலைப் பைன் மரங்கள், மாரியிற் பனிமழை. அடியிலோ கோடைகாலத்து நண்பகலில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். தென் விளிம்பில் ஓராண்டிற் பெய்யும் மழை 16 அங்குலம் அளவு. வட விளிம்பில் 25 அங்குலம். அடியில் 9 அங்குலம்தானும் நிச்சயமில்லை. வறண்ட பிரதேசம் என்று நாம் சொல்லும் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 50 அங்குலம் வரையிற் பெய்கிறது என்பதை ஒப்புநோக்கினால், அங்கே ஒரு செடி பூப்பதென்பது எத்தகைய காரியம் என்பது விளங்கும்.

மலையேறுவோர் முதலில் ஏறிப் பின்னர் இறங்குவர். இங்கே முறை தலைகீழ். காலை இளவெயிலில் உற்சாகமாக இறங்கிவிடலாம்; களைத்த பின்னரே ஏற்றம் வரும். இதனை உணராது நீரின்றி இறங்கி, மீண்டும் ஏறமாட்டாது உயிரிழந்தோர் பலர். தாவரங்களுக்கும் இத்தலைகீழ் முறை பொருந்தும். இறங்க இறங்க வெப்பம் கூடுகிறது, மழை குறைகிறது, செடிகொடிகள் மாறுகின்றன. 1889-ஆம் ஆண்டில் சீ. ஹார்ட் மேரியம் என்னும் அமெரிக்க இயற்கை நூலறிஞர் இக்குடைவினுள் இறங்கியும், அதற்குத் தெற்கேயுள்ள சான் பிரான்சிஸ்கோச் சிகரங்களில் ஏறியும், உயரத்துக்கு உயரம் உயிரினங்கள் படிபடியாக மாறுவதைக் கண்டு, அவற்றை ‘உயிர் மண்டலங்கள்’ என வகுத்தார். தாழ்ந்த பாலையிலிருந்து சிகரம் வரை சில மைல் ஏறுவது, மெக்சிக்கோவிலிருந்து வடதுருவம் நோக்கிச் செல்வதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. வெப்பம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டார் என்று பின்வந்தோர் அவரைக் குறை கூறினர். மழையும், பாறையும், சரிவு நோக்கும் திசையும் வெப்பத்துக்குக் குறைந்தவை அல்ல என்பது அவர்கள் வாதம், அதுவே சரி. எனினும், நிலத்தைச் செடியால் அறியலாம் என்ற அடிப்படை எண்ணம் தமிழருக்கு அந்நியமானதன்று.

பூத்தேடுவோனுக்கு இதிலிருந்து கிடைக்கும் முதற் பாடம், காலத்தை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது. இளவேனில் இங்கே கீழிருந்து மேலே ஏறுகிறது. மார்ச் மாதத்தில் நதிக்கரையில் பூக்கத் தொடங்குவன, ஏப்பிரிலில் நடுத்தட்டுக்களுக்கும், மே, யூன் மாதங்களில் விளிம்புக்கும் ஏறிவிடுகின்றன. ஏப்பிரில் நடுவில் இறங்கியபோது விளிம்பின் நிழற்புறத்தில் வெண்பனி கிடந்தது. மாலையில் நதியருகே பூத்து முடிந்து விதைகட்டிய செடிகளைக் கண்டோம். ஒரே நாளில் மூன்று பருவங்களைக் கடந்துவிட்டோம். பின்னர் யூலை முதற் செத்தெம்பர் வரை பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்யும் ஒரு பருவம் உண்டு. அதனையும் ‘மொன்சூன்’ என்றே அந்நாட்டார் கூறுவர். அம்மழையின் பின் இரண்டாம் முறை பூக்கும் செடிகளும் பல. எனினும் முதன்முறை செல்வோர் ஏப்பிரிலைத் தெரிந்துகொள்வதே நலம். உடலுக்கும் அது பாதுகாப்பானது.

இனி, மழையே இல்லாத நிலத்திற் செடி எவ்வாறு வாழ்கிறது? வழிகள் இரண்டு. ஒன்று, வறட்சியைத் தாங்குவது. மற்றொன்று, வறட்சிக்கு அகப்படாமலே தப்புவது. இரண்டாவது வழியை மேற்கொள்வன ஓராண்டுச் செடிகள். இவை ஆண்டின் பெரும்பகுதியை, சிலவேளை பல ஆண்டுகளை, விதையாகவே மண்ணிற் கழிக்கின்றன. விதையின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் சத்துக்கள் சில உள்ளன. சிறு தூறல் அவற்றைக் கழுவமாட்டாது. ஓர் அங்குலம் அளவில் நின்று பெய்யும் மழையே கழுவும். ஒல்லாந்து தேசத்திற் பிறந்து கலிபோர்ணியாவிற் பணிசெய்த பிறிற்ஸ் வென்ற் என்னும் தாவரவியலறிஞர் 1940-களில் இவ்விதைகளை ஆய்ந்து, பெய்த மழையின் அளவைத் தம்மளவில் ‘அளந்து’ முளைப்பவைபோல இவை நடந்துகொள்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். தூறலை நம்பி முளைத்த விதை காய்ந்து மடியும். அதன் குலம் அத்துடன் அற்றுப்போகும். பொறுத்திருந்ததே மிஞ்சியது. ஆகவே முந்திய ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்திருந்தால் அடுத்த பங்குனியில் நிலம் பொன்னாகவும் ஊதாவாகவும் மாறும். பெய்யாதுவிடின், சென்றவன் பல்லாண்டுச் செடிகளை மட்டும் கண்டு திரும்ப வேண்டியதுதான். பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கம் பார்ப்பதைவிட, சென்ற மாரியின் மழைக் கணக்கைப் பார்ப்பது பயன் தரும்.

தென் விளிம்பிலிருந்து நதிக்கு இறங்கும் முதன்மையான பாதைகள் இரண்டு. சவுத் கைபாப் என்பது ஏறக்குறைய 7 மைல், செங்குத்தானது, வழியில் ஒரு சொட்டு நீரும் கிடையாது. பிறைற் ஏஞ்சல் என்பது ஒன்பதரை மைல் அளவினது. நீரோடையை ஒட்டிச் செல்வது. முதலாவதால் இறங்கி மற்றதால் ஏறுவது பலரது வழக்கம். நாமும் அவ்வாறே செய்தோம். குடைவினுட் கூடாரமடித்துத் தங்குவதற்குப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும்.

விளிம்பிலேயே கவனத்தைத் தொடங்கவேண்டும். குன்றின் ஓரத்தில் முறுக்கிய கிளைகளுடன் நிற்கும் ‘கிளிஃப்ரோஸ்’ என்னும் புதர், பெயருக்கேற்ப றோசாக் குடும்பத்தது. பாலாடை நிறத்தில் ஐந்து இதழ். மணம் நெடுந்தூரம் வரும். பூ முடிந்தபின் விதைக்கு இறகுபோன்ற வால் வளர்ந்து காற்றிற் பறக்கும். அதனருகே செந்தூரம் தோய்த்த தூரிகைபோல நிற்பது ‘பெயின்ற் பிறஷ்’ என்னும் செடி. அதிற் சிவந்திருப்பவை பெரும்பாலும் இதழ்களல்ல, பூவடியிலைகள். நம் வீட்டு வாசலிற் காகிதப்பூவில் நிறங்காட்டுவதும் பூவடியிலையே என்பதை அறிந்தவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இச்செடி பார்வைக்கு அப்பாவி. மண்ணுக்கடியிலோ தன் வேரை அயற்செடியின் வேரிற் செருகி நீரையும் உப்பையும் உறிஞ்சும் பாதித் திருடன்.

இதே விளிம்பில், கைபாப் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களில், ஓர் அங்குல உயரமும் இல்லாத பாய்போலப் படர்ந்து, வெளிறிய ஊதா நிறத்தில் அரிசியளவே பூக்கும் ஒரு செடியுண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அதனைச் ‘சென்றி மில்க் வெற்ச்’ என்பர். காவற்காரன் என்பது பெயரின் பொருள். உலகில் வேறெங்கும் இது இல்லை. இவ்விளிம்பில் மட்டுமே உண்டு. காட்சியைக் காண வந்தவர்களின் காலடியே இதற்கு எமனாயிற்று. மண்ணே இல்லாத கல்லில் என்ன வளரப்போகிறது என்று எண்ணி அதன்மேல் நின்று படமெடுத்தவர்கள் எத்தனை பேரோ! 1990-இல் அமெரிக்க அரசாங்கம் இதனை அழிவுறும் இனமென அறிவித்துச் சட்டக் காப்பளித்தது. வேலியடைத்து மக்களை விலக்கியும், விதையெடுத்து வளர்த்து நட்டும் இன்று காத்து வருகின்றனர். உலகமே வந்து பார்க்கும் ஓரிடத்தில், எவர் கண்ணிலும் படாததால் ஓர் இனம் மிதிபட்டுப் போகவிருந்தது. பூவைக் கண்டறிதல் வெறும் பொழுதுபோக்கன்று என்று நாம் கூறுவதற்கு இச்செடி ஒன்றே போதிய சான்று.

பாதை வளைந்து வளைந்து இறங்குகையிற் பாறையின் நிறம் மாறிக்கொண்டே வரும். மேலே உள்ள கைபாப் கல் ஏறக்குறைய 27 கோடி ஆண்டுப் பழமையது; அடியிலுள்ள கரும்பாறை 175 கோடி ஆண்டளவினது. அவ்வடிப் பாறைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ‘விஷ்ணு’. குடைவின் நடுவே கோபுரம்போல் நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயரிட்டவர், 1882-இல் இப்பிரதேசத்தின் புவிச்சரித்திரத்தை எழுதிய கிளாரன்ஸ் டட்டன் என்னும் படையதிகாரி. பிரமாவுக்கும் அங்கே ஒரு குன்று உண்டு; நம் நாட்டிற் பெருங்கோயில் அரிதாகிய அவருக்கு அரிசோனாவிலேனும் கிடைத்தது மகிழ்ச்சியே.

நடுத்தட்டை அடையும்போது வறட்சியைத் தாங்குவோரின் இராச்சியம் தொடங்குகிறது. வாள்போன்ற இலைகளைச் சக்கரமாக விரித்துக் கிடக்கும் அகேவ் என்னும் செடி, நம் வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் நேர்ச் சகோதரம். பதினைந்து, இருபது, சிலவேளை அதற்கும் மேற்பட்ட ஆண்டுகள் அது இலைகளிற் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். பின்னர் ஓர் இளவேனிலில் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பிச் சில வாரங்களில் ஆளுயரத்தைவிட இரு மடங்கு வளர்ந்து, மஞ்சட் பூக்களைச் சொரிந்து, விதைத்து, அத்துடன் செடியே மாண்டுவிடும். நம் வாழை போன்று வாழ்நாளில் ஒரே முறை. தண்டு கிளம்புமுன் அதன் குருத்தை வெட்டி, குழிதோண்டிச் சுடுகல்லிட்டு மூடி அவித்து உண்பது அப்பிரதேசத்துப் பூர்வ குடிகளின் வழக்கம். அவ்வடுப்புக் குழிகளின் சுவட்டைப் பாதையருகே இன்றும் காணலாம்.

அகேவைப் போலத் தோன்றினும் வேறானது யுக்கா. இலை விளிம்பில் நார் சுருண்டு தொங்குவதைக் கொண்டு இதனைப் பிரித்தறியலாம். வெண்மணிகள் கோத்ததுபோலப் பூக்கும் இதற்கு மகரந்தச் சேர்க்கை செய்வது ஒரே இன வெள்ளை அந்துப்பூச்சி. பெண்பூச்சி ஒரு பூவிலிருந்து மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, வேறொரு பூவுக்குக் கொண்டு சென்று, அதன் சூலகத்தில் முட்டையிட்டபின், தானே அம்மகரந்தத்தைச் சூல்முடியிற் பதித்து அழுத்துகிறது. பொரித்த புழுக்கள் விதைகளிற் சிலவற்றை உண்ணும், எஞ்சியவை செடிக்கு. பூச்சி இன்றேல் விதை இல்லை. விதை இன்றேற் பூச்சி இல்லை. 1870-களில் சார்ல்ஸ் றைலி என்னும் பூச்சியியலறிஞர் இதனை எழுதியபோது நம்பாதவர் பலர். மாலையிற் பூவினுள் மெதுவாக நோக்கினால் அப்பூச்சி ஒளிந்திருப்பதைக் காணலாம். பூவைக் கண்டவன் பூச்சியையும் தேடவேண்டும்.

ரொன்ரோ என்னும் அகன்ற தட்டு இதற்குக் கீழே உள்ளது. தூரத்திலிருந்து சாம்பல் நிறமாய், வெறுமையாய்த் தோன்றும். பொதியை இறக்கிவைத்து நின்று பார்த்தாலன்றி அதன் செல்வம் புலப்படாது. அரையடி உயரத்தில் நாற்பது ஐம்பது முட்தண்டுகள் ஒரு குவியலாய்க் கூடிநிற்க, அதன் மேற் குருதி நிறத்தில் மெழுகுக் கிண்ணங்கள் போலப் பூத்திருப்பது ‘கிளறெற் கப்’ எனப்படும் முட்செடி. நம் தேன்சிட்டின் சாயலுடைய, ஆயினும் அதன் இனமல்லாத, ‘ஹம்மிங்’ பறவைக்கென்றே ஏற்பட்ட சிவப்பு அது. சற்றுக் கீழே நாகதாளி. மன்னாரிலும் பூநகரியிலும் கடலோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் நாகதாளியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டமே என்பதையும், நாம் கள்ளி என்று வழங்கும் பாற்செடிகள் முற்றிலும் வேறு குடும்பத்தவை என்பதையும் ஈண்டு நினைவுறுத்துவோம். இங்குள்ள ‘பீவர் ரெயில்’ என்னும் நாகதாளியில் நீண்ட முள் இல்லை. பூ கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. முள் இல்லையென்று தொட்டவர் விரலில் மயிர்போன்ற சுனைகள் நூறு ஏறிவிடும். பிடுங்க ஓரிரவு செல்லும்.

அயலில் ஆரஞ்சு நிறத்திற் சிறு கிண்ணமாய் மலர்வது ‘குளோப் மலோ’. மகரந்தத் தாள்கள் ஒரு குழலாக ஒட்டி நடுவே நிற்பதைப் பார்த்தவுடனேயே, இது செவ்வரத்தையும் பூவரசும் சேர்ந்த குடும்பம் என்று யாழ்ப்பாணத்தான் ஒருவன் சொல்லிவிடுவான். அந்நிய நாட்டிற் பூக்களை அறிவதற்கு எளிய வழி இதுவே. இனத்தின் பெயர் தெரியாவிடினும் குடும்பச் சாயல் தெரியும். சரிவெங்கும் பொன்னாய்ப் பூத்துக்கிடக்கும் ‘பிறிற்றில் புஷ்’ சூரியகாந்திக் குடும்பம். அதன் இலை வெள்ளை பூசியது போலிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் அவ்வெண்மை முழுவதும் நுண்ணிய மயிர்ப் படலம் என்பது தெரியும். வெயிலைத் திருப்பி அனுப்பும் கவசம் அது. வறட்சி மிக மிக இலை இன்னும் வெளுக்கும்.

பகலிற் பூக்களைத் தேடியவர் நதிக்கரையை அடைந்து களைத்து உறங்கிவிடலாகாது. பாலையின் பெரும்பூக்கள் சில இரவுக்குரியவை. பொழுது சாயும் வேளையில் முறுக்கிய மொட்டு நம் கண்முன்னே விரிந்து, கைநீளத்தில் வெண்ணிறக் குழலாகி, இனிய மணம் வீசும் ஒரு செடியை எங்கள் கூடாரத்துக்கு அணித்தே கண்டோம். மின்சூள் ஒளியில் ஒருகணம் திகைத்து, மறுகணம் சிரித்துவிட்டோம். அது ஊமத்தை! நம் ஊமத்தையின் நெருங்கிய உறவாகிய அமெரிக்க ஊமத்தை. ‘டத்தூரா’ என்று உலகத் தாவரவியலார் வழங்கும் பெயரே வடமொழித் ‘தத்தூரம்’ என்பதன் திரிபுதான். சிறு பறவையளவு பருத்த அந்துகள் நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்று தேன் பருகின. வெயில் ஏறியதும் பூ வாடிவிடும். வேர் முதல் விதை வரை இச்செடி முழுதும் நஞ்சென்பது நம்மவர்க்குப் புதிதன்று.

நீர் கசியும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். விளிம்பிற் பெய்யும் மழையும் உருகிய பனியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கள் வழியே பல்லாயிரம் அடி இறங்கி, நீர் புகாத களிப்பாறையிற் தட்டுண்டு, பக்கவாட்டிற் குன்றின் முகத்தாற் கசிகின்றன. கீரிமலைக் கேணியிற் சுண்ணாம்புக்கல்லூடு வந்த நன்னீரில் நீராடியவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. முட்செடிகளிடையே நடந்து வந்தவன் ஒரு திருப்பத்திற் திடீரெனப் பச்சைப் பாசியும் மயிற்கொண்டைபோன்ற மென்பன்னமும் தொங்கும் சுவரைக் காண்பான். அதில் நீண்ட வால் படைத்த மஞ்சட் ‘கொலம்பைன்’, செந்நிறக் ‘குரங்குமுகப் பூ’, ஓர் ஓர்க்கிட்டுங்கூட! பாலையில் ஓர்க்கிட் என்றால் நம்புவாரில்லை. ஆற்றோர ஓர்க்கிட் என்று வழங்கும் அதன் பூ பச்சையும் செம்பழுப்பும் கலந்தது; தேடாதவன் கண்ணிற் படாது. பிறைற் ஏஞ்சல் பாதையில் ஏறும்போது இத்தகைய நீர்வளமுடைய ஓரிடத்தில் இளைப்பாறுவர். ஹவசுப்பாய் மக்கள் வழிவழியாகப் பயிரிட்ட நிலம் அது. தேசியப் பூங்கா 1919-இல் அமைந்த பின்னர் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். ‘ஹவசுப்பாய் தோட்டம்’ என்று அவர்களின் பெயரால் அவ்விடம் மீண்டும் வழங்கத் தொடங்கியது 2022-இற்றான்.

பார்க்கும் முறையைப் பற்றிச் சிறிது. பொதி இலேசாயிருத்தல் வேண்டும். முப்பது இறாத்தலுக்கு மேற் சுமப்பவன் தன் சப்பாத்தைத் தவிர வேறெதையும் பாரான். ஆயினும் நீரிற் சிக்கனம் கூடாது. ஒரு நாளுக்கு நான்கு லீற்றர் என்பது குறைந்த கணக்கு. நீர்க்குழாய் உடைந்தால் வழக்கமான இடங்களிலும் நீர் இராது. புறப்படும் அன்றே விசாரித்தல் அவசியம். கோடையில் முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை ஏற்றத்தில் நடக்கவேண்டாமென்று பூங்காக் காவலர் எச்சரிப்பர். விடியுமுன் புறப்பட்டு முற்பகலில் நிழலில் ஒதுங்குபவனுக்கு உயிரும் தப்பும், பூவும் வாய்க்கும். இரவுப் பூக்கள் வாடுமுன், பகற்பூக்கள் விரியும் வேளை அதுவே. பூவை மட்டும் நோக்காது இலையையும் அது தண்டில் அமைந்த முறையையும் நோக்குக. பெயரறியப் பெரும்பாலும் அவையே துணைசெய்யும். பறித்தல் சட்டவிரோதம். பாதையை விட்டு விலகுதலும் தகாது. அங்கே மண்ணின்மேற் கறுத்துக் கரடுமுரடாய்த் தோன்றும் பொருக்கு வெறும் மண்ணன்று. நீலப்பச்சை நுண்ணுயிர்களும், இலைக்கன்களும், பாசிகளும் பின்னிக்கட்டிய உயிர்த்தோல். காற்றும் மழையும் மண்ணைக் கொண்டுபோகாது காப்பது அதுவே. ஒரு சுவடு பதிந்தால் ஆறப் பல்லாண்டுகள் செல்லும்.

கண்டதை எழுதவேண்டும் என்றோம். அதன் காரணத்தை இரு பெண்மணிகளின் வரலாறு விளக்கும். மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்சாடா குளோவர் என்னும் தாவரவியலாசிரியையும், அங்கே ஆராய்ச்சி மாணவியாயிருந்த 24 வயதினரான லொயிஸ் ஜொற்றரும், 1938-ஆம் ஆண்டு யூன் 20-ஆந் திகதி யூற்றா மாநிலத்துக் கிறீன் றிவர் என்னுமிடத்திலிருந்து, நோர்மன் நெவில்ஸ் என்பவர் தலைமையில், மரப்படகுகளிற் புறப்பட்டனர். கொலறாடோ நதியின் சுழிகளும் பாய்ச்சல்களும் அந்நாளில் அனுபவமுள்ள ஆடவரையும் விழுங்கியவை. பெண்கள் போகத்தக்க இடமோ அதுவென்று ஏளனம் செய்தோர் பலர். குறித்த நாளில் வந்துசேராதபோது, அவர்கள் தொலைந்தனர் என்று பத்திரிகைகள் பரபரத்தன. அவர்களோ, படகு கரைசேரும் இடந்தோறும் செடிகளை வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கிடையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தனர். பகல் முழுதும் துடுப்பும் வெயிலும். காலையும் மாலையும் குழுவுக்குச் சமையலும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. எஞ்சிய வேளையிலேதான் விஞ்ஞானம். நாற்பது நாட்களுக்கு மேலாக, அறுநூறு மைலுக்கு அதிகமான தூரத்தைக் கடந்து மீட் ஏரியை அடைந்தனர். கிறாண்ட் கன்யனைப் படகில் முழுதும் கடந்த முதற் பெண்கள் என்ற புகழ் அவர்களுடையது. ஆயினும், அவர்கள் பெரிதெனக் கருதியது 1944-இல் வெளியிட்ட தாவரப் பட்டியலையே. எந்தச் செடி, நதியிலிருந்து எவ்வளவு மேலே, எம்மண்ணில், எதனோடு சேர்ந்து நின்றது என்றெல்லாம் அதில் உண்டு.

பத்தொன்பது ஆண்டுகளின் பின் அதன் மதிப்பு மாறிற்று. 1963-இற் குடைவுக்கு மேலே கிளென் கன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டன. அதுவரை இளவேனில்தோறும் செஞ்சேற்று வெள்ளம் பெருகிக் கரைகளைத் துடைத்துக்கொண்டு போகும். செடிகள் வெள்ளக் கோட்டுக்கு மேலேயே நிற்கும். அணையின் பின் தெளிந்த குளிர்நீர் அளவோடு வந்தது, வெள்ளம் நின்றது, புது மணல் வருவதும் நின்றது. வெறுங்கரையாய் இருந்த இடங்களைத் ‘தமறிஸ்க்’ என்னும் அந்நியப் புதர் பிடித்துக்கொண்டது. 1938-இலேயே அது சிலவிடங்களில் நின்றதை அவ்விருவரும் குறித்திருக்கின்றனர். எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்பது அதனால் இன்று தெரிகிறது. பின்னர் அப்புதரை ஒழிப்பதற்கென 2001 முதல் மேற்கு மாநிலங்களில் விடப்பட்ட இலைதின்னி வண்டு குடைவினுள்ளும் வந்துவிட்டது. புதர் பழுத்துக் காய்கிறது. அதிற் கூடுகட்டப் பழகிய குருவிகளின் கதி என்னவென்பது வேறொரு கவலை. இம்மாற்றங்களை அளப்பதற்கு ‘முன்பு எப்படி இருந்தது’ என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அச்செய்தித்தாள் மடிப்புக்களிற் காய்ந்த செடிகளே அச்சாட்சி. 1994-இல், எண்பது வயதில், ஜொற்றர் அம்மையார் ஆராய்ச்சியாளருடன் மீண்டும் அந்நதியிற் சென்று, தாம் கண்ட கரைகள் எவ்வாறிருந்தன என்று காட்டினார். 2013-இல் அவர் காலமானார்.

ஆகவே, பொதிக்குள் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் இடம் ஒதுக்கவேண்டும். மை குளிரில் உறையும், வியர்வையிற் கரையும். திகதி, உயரம், பாதையின் பெயரும் மைலும், சரிவு நோக்கும் திசை, மண்ணோ மணலோ கல்வெடிப்போ என்பது, மொட்டா பூவா காயா என்பது, வந்திருந்த பூச்சி ஆகிய இவ்வளவும் போதும். படமெடுப்பவர் பூவை ஒருமுறையும், இலையை ஒருமுறையும், செடி நின்ற இடம் முழுவதையும் ஒருமுறையும் எடுத்தல் வேண்டும். பலர் மூன்றாவதை விட்டுவிடுகின்றனர். பெயர் தெரியாவிடிற் பெயரை வெற்றிடமாக விட்டு மற்றவற்றை எழுதுக. பெயரைப் பின்னர் எவரும் கண்டுபிடித்துத் தரலாம். அன்று அவ்விடத்தில் அது பூத்திருந்ததா என்பதை அங்கே நின்றவர் ஒருவரே சொல்ல முடியும்.